திருப்பூர்க்காரன் சொல்கிறேன், பனியன் வேண்டாம்

தம்பி கேட்ட கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் மினியாபோலிஸ் நகரத்துக்கு அவர் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. அலுவலக நண்பர் ஒருவர் நவம்பரில் மான் வேட்டைக்குக் கூப்பிட்டிருக்கிறார். அதே மாநிலத்தில் டுலூத் நகரத்துக்கு வடக்கே அவர்கள் குடும்பத்துக்குச் சொந்தமாகக் காடு இருக்கிறது. துப்பாக்கிப் பாதுகாப்பு வகுப்பு முடித்து லைசென்ஸும் எடுத்தாயிற்று. உடைக்கு 400 டாலர் ஒதுக்கியிருக்கிறார். கடையில் 350 டாலருக்கு ஒரு ஜாக்கெட் பார்த்தாராம், மைனஸ் 40 டிகிரி வரை தாங்கும் என்று அட்டையில் போட்டிருக்கிறதாம். "அதை வாங்கி, உள்ளே ஊரிலிருந்து கொண்டுவந்த பனியனும் ஸ்வெட்டரும் போட்டுக்கொண்டால் போதுமா அண்ணா?" என்பதுதான் கேள்வி.

போதாது. அந்த ஜாக்கெட்டும் வேண்டாம், பனியன் சுத்தமாக வேண்டாம். ஏன் என்று சொல்ல என் முதல் வருஷத்துக் கதையைச் சொல்வதுதான் சுலபம்.

நானும் இப்படித்தான் மெத்தை மாதிரி ஒரு ஜாக்கெட் வாங்கினேன். காலை ஐந்தரை மணி, கும்மிருட்டு, கணுக்கால் மூடும் பனி. தோளில் ரைஃபிள், முதுகில் பை, முக்கால் மைல் நடை. வெளியே மைனஸ் 12. குளிருக்குப் பயந்து, இருந்ததை எல்லாம் கிளம்பும்போதே மாட்டிக்கொண்டிருந்தேன். பாதி வழியிலேயே முதுகுத்தண்டு வழியாக வியர்வை இறங்குவது தெரிந்தது. பரவாயில்லையே, குளிரே தெரியவில்லை என்று சந்தோஷம் வேறு. மரத்தில் கட்டிய பரணில் ஏறி உட்கார்ந்தேன். ஏழரைக்கு முதுகில் யாரோ ஈரத் துணியை ஒட்டவைத்த மாதிரி இருந்தது. எட்டரைக்குத் தாடை தானாக ஆடத் தொடங்கியது. ஒன்பது மணிக்கு நாற்பது கஜ தூரத்தில் நல்ல கொம்போடு ஒரு மான் வந்து நின்றது. ரைஃபிளின் சேஃப்டியை, அதாவது விசைப் பூட்டை, தள்ள வேண்டும், கட்டைவிரல் வரவில்லை. விரல் அங்கேதான் இருக்கிறது, கண்ணால் பார்க்கிறேன், ஆனால் சொன்ன பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறது. மான் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் நடந்து போயிற்று.

அன்றைக்கு என்னைத் தோற்கடித்தது மைனஸ் 12 இல்லை, நடந்தபோது வந்த வியர்வை.

வேட்டை நாளில் ஒரே உடம்புக்குள் இரண்டு ஆள் இருக்கிறார்கள்: நடக்கிறவன், உட்கார்ந்திருக்கிறவன். சும்மா உட்கார்ந்திருக்கும் உடம்பு ஏறக்குறைய 100 வாட் சூடு தரும், பழைய குண்டு பல்பு ஒன்றின் அளவு. பனியில் சுமையோடு நடக்கும்போது அது நான்கைந்து மடங்காகும். உட்கார்ந்திருக்கிறவனுக்குத் தைத்த சட்டையை நடக்கிறவனுக்குப் போட்டால் அவன் நனைந்து போவான். அந்த ஈரத்தோடு நான்கு மணி நேரம் அசையாமல் இருக்கப்போவது இன்னொருவன். பனிச்சறுக்குக்குப் போகிறவருக்கு இந்தத் தொல்லை இல்லை, அவர் ஆடிக்கொண்டே இருக்கிறார். மான் வேட்டையில் மட்டும்தான் வேர்க்க விறுவிறுக்கப் போய் சிலை மாதிரி உட்கார வேண்டியிருக்கிறது. மைனஸ் 40 ஜாக்கெட் உங்களை நடக்கும்போது வேகவைக்கும், அதற்குக் கொடுத்த காசில் மற்ற எதுவும் வாங்க மிச்சம் இருக்காது.

பனியனுக்கு வருகிறேன். நான் திருப்பூர்க்காரன். எங்கள் குடும்பத்துக்குச் சோறு போட்டதே பனியன் கம்பெனிதான். சித்திரை வெயிலுக்குப் பருத்தியை மிஞ்சிய துணி கிடையாது. வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, மெல்ல மெல்ல ஆவியாக்கி உடம்பைக் குளிர வைக்கும். அதே குணம்தான் இங்கே எமன். துணி தானாகச் சூடு தருவதில்லை. இழைகளுக்கு நடுவே சிக்கிய காற்றுதான் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. அந்த இடத்தில் தண்ணீர் புகுந்துவிட்டால் கதை முடிந்தது. காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு சூட்டைக் கடத்தும். நனைந்த பனியன் தோலோடு ஒட்டிக்கொண்டு நாள் முழுக்க உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஜீன்ஸும் பருத்தி, ஹூடியும் பெரும்பாலும் பருத்தி. இன்னொரு பொறி, 'தெர்மல்' என்று பெயர் போட்டு விற்கும் கட்டம் கட்டமான உள்ளாடை. பாதிக்கு மேல் பருத்தி கலந்தவை நிறைய உண்டு. முன்பக்கம் போட்டிருக்கும் பெயரைப் பார்க்காதீர்கள், உள்ளே தைத்திருக்கும் சின்ன லேபிளைப் படியுங்கள்.

தோலோடு ஒட்டி இருக்க வேண்டியது கம்பளி அல்லது பாலியெஸ்டர். கம்பளி என்றதும் ஊட்டி ஸ்வெட்டர் மாதிரி கழுத்தைக் குத்துமே என்று நினைப்பீர்கள். மெரினோ ஆட்டு ரோமம் அப்படிக் குத்தாது, இழை அவ்வளவு மெல்லிசு. கம்பளியின் விசேஷம், தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழைக்குள்ளேயே வாங்கிக்கொள்ளும். தொட்டால் ஈரமாகவே தெரியாது. வாடையும் சீக்கிரம் பிடிக்காது, மான் மூக்கை ஏமாற்ற நினைப்பவருக்கு அது பெரிய விஷயம். குறை என்னவென்றால், ஒருமுறை முழுக்க நனைந்தால் காய நேரம் எடுக்கும், விலையும் கூட. பாலியெஸ்டர் ஈரத்தை உள்ளே வாங்காது, சட்டென்று காயும், மலிவு. ஆனால் இரண்டாம் நாள் மாலை அதை யாரும் பக்கத்தில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். நான் இரண்டையும் போடுவேன். காலில் பாலியெஸ்டர், மேலே மெரினோ. ஒரு செட் போதும் என்று நிறுத்தாதீர்கள், மேல் உள்ளாடை மட்டும் இரண்டு வாங்குங்கள். இரண்டாவது எதற்கு என்று அப்புறம் சொல்கிறேன்.

அதற்கு மேலே ஃப்ளீஸ் (மெத்தென்ற பாலியெஸ்டர் துணி) அல்லது கனமான கம்பளிச் சட்டை. இதற்குப் புதிதாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை. இங்கே பழைய துணி விற்கும் கடைகளில் தாத்தாக்கள் போட்ட அசல் கம்பளிச் சட்டைகள் தொங்கும். ராணுவத்தில் கழித்துவிட்ட கம்பளிக் கால்சட்டையும் சில இடங்களில் கிடைக்கும். பார்க்க நாடகக்காரர் மாதிரி இருக்கும், மான் அதைக் கண்டுகொள்ளாது. வாத்து இறகு அடைத்த ஜாக்கெட் எடைக்கு எடை பார்த்தால் எல்லாவற்றையும்விடக் கதகதப்பு. ஆனால் நனைந்தால் இறகு கட்டிக்கொண்டு சுருங்கி, வெறும் பை மாதிரி ஆகிவிடும். நவம்பர் ஆரம்பத்தில் வடக்கு மினசோட்டாவில் மழை, ஈரப் பனி, காய்ந்த பனி மூன்றும் ஒரே வாரத்தில் வரும். அதனால் முதல் ஜாக்கெட்டாக இறகு வேண்டாம், செயற்கைப் பஞ்சு அடைத்ததே நல்லது.

வெளி ஜாக்கெட்டில் நான் முதலில் பார்ப்பது சத்தம். கடையில் போட்டுப் பார்க்கும்போது காதுக்குப் பக்கத்தில் கையை மடக்கி, தோளோடு உரசுங்கள். 'சரக் சரக்' என்று பிளாஸ்டிக் பை மாதிரி கேட்டால் திரும்ப மாட்டிவிடுங்கள். கடையில் 20 டிகிரி சூட்டில் லேசாகக் கேட்கும் நைலான், காட்டில் மைனஸ் பத்தில் விறைத்துப்போய் இன்னும் உரக்கப் பேசும். காற்றே இல்லாத காலையில், துப்பாக்கியைத் தூக்கக் கையை அரை அடி நகர்த்தினாலே ஊரைக் கூட்டிவிடும். மேல்துணி வழுவழுப்பாக இல்லாமல், ஃப்ளீஸ் மாதிரியோ கம்பளி மாதிரியோ இருக்க வேண்டும். காற்றைத் தடுக்கும் சவ்வு உள்ளே இருந்தால் நல்லது. சைஸ் ஒன்று கூட எடுங்கள், உள்ளே இத்தனையும் நுழைய வேண்டுமே. ஆனால் கனத்த ஜாக்கெட் தோளில் கூடுதலாக ஒரு விரற்கடை சேர்க்கும். ரைஃபிளின் பின்கட்டை சட்டையில் மாட்டும், ஸ்கோப்புக்கும் (குறிபார்க்கும் தொலைநோக்கி) கண்ணுக்கும் உள்ள தூரம் மாறும். எனவே சீசனுக்கு முன்னால் சுடும் பயிற்சிக்கு டி-ஷர்ட்டில் போகாதீர்கள். வேட்டை அன்று போடப்போவதையே போட்டுக்கொண்டு போங்கள்.

சரி, இப்போது அந்த இரண்டு ஆள் விவகாரம். வண்டியிலிருந்து இறங்கும்போது குளிர வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிற அளவுக்கு இல்லை, ஆனால் 'இன்னொரு சட்டை போட்டிருக்கலாமோ' என்று தோன்ற வேண்டும். உள்ளாடை, மெல்லிய ஃப்ளீஸ், மேலே ஆரஞ்சு வெஸ்ட் (கையில்லாத மேல்சட்டை), அவ்வளவுதான். பெரிய ஜாக்கெட், கனமான கையுறை எல்லாம் பைக்குள்ளே, இல்லையென்றால் பையின் மேல் கட்டி. குல்லாவையும் கழற்றிப் பாக்கெட்டில் வைக்கத் தோன்றும், இங்கே வைக்கக் கூடாது, காரணம் கீழே. ஜிப்பை நெஞ்சு வரை திறந்துவிட்டு மெதுவாக நடங்கள். பத்து நிமிஷம் முன்னதாகக் கிளம்பினால் ஓட வேண்டியிருக்காது. பரணடிக்குப் போனதும் உடனே உட்காராதீர்கள். ஐந்து நிமிஷம் நின்று ஆவி அடங்க விடுங்கள். முதுகு நனைந்திருந்தால், சொன்னேனே இரண்டாவது உள்ளாடை, அங்கேயே மாற்றிவிடுங்கள். இருட்டில், மைனஸ் பத்தில், சட்டையைக் கழற்றி நிற்கும் அந்த அரை நிமிஷம் கொடுமைதான். அதற்கப்புறம் நான்கு மணி நேரம் ராஜா மாதிரி இருப்பீர்கள்.

பரண் என்ற சொல்லை நான் வேண்டுமென்றே போடுகிறேன். இவர்கள் 'ட்ரீ ஸ்டாண்ட்' என்பது நம் பரண்தான். வள்ளி தினைப்புனம் காத்ததும் பரணில்தான். அவளுக்குக் கம்பளி தேவைப்படவில்லை, மேலே கட்டும் பெல்ட்டும் இல்லை. உங்களுக்கு இரண்டும் வேண்டும். கால் தரையை விட்டு எழும்பும் முன்பே உடம்பைச் சுற்றிய சேஃப்டி பெல்ட் மாட்டியிருக்க வேண்டும். மெல்லிய சட்டைக்கு அளவெடுத்த பெல்ட் கனமான ஜாக்கெட் மேல் ஏறாது, ஆகவே முழு உடையோடு வீட்டிலேயே போட்டு வாரை நீட்டி வையுங்கள். ரைஃபிளைத் தோட்டா இல்லாமல் கயிற்றில் கட்டி மேலே இழுக்க வேண்டும் என்பதை வகுப்பில் சொல்லியிருப்பார்கள்.

வேட்டையைப் பாதியில் விட்டுவிட்டு வருகிறவர்களில் பெரும்பாலோர் சொல்வது ஒன்றுதான்: கால் மரத்துவிட்டது. புதியவர்கள் செய்யும் தப்பு, இறுக்கமான பூட்ஸுக்குள் இரண்டு மூன்று சாக்ஸைத் திணிப்பது. அது இரத்த ஓட்டத்தை நெரித்து, இருந்த சூட்டையும் கெடுக்கும். விரல்கள் உள்ளே பியானோ வாசிக்க முடிகிற அளவு இடம் இருக்க வேண்டும். கனமான கம்பளிச் சாக்ஸ் ஒன்றே ஒன்று போதும். இந்த ஊர்க் குளிருக்கு 'பேக் பூட்ஸ்' என்று கேளுங்கள்: கீழே ரப்பர், மேலே தோல், உள்ளே கழற்றி எடுக்கக்கூடிய ஃபெல்ட் (அழுத்திச் செய்த தடித் துணி) உறை. கீழே ரப்பர், மேலே தோல் என்ற யோசனையைப் பிரபலமாக்கியவர் மெயின் மாநிலத்து லியோன் பீன். வேட்டைக்குப் போய்க் கால் நனைந்து நனைந்து அலுத்து, 1912-ல் விற்க ஆரம்பித்தார். முதலில் விற்ற 100 ஜோடியில் 90 தையல் விட்டுத் திரும்பி வந்தன. காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, திருத்தி மறுபடி செய்தார். ஃபெல்ட் உறையைத் தினமும் இரவு வெளியே எடுத்துக் காய வையுங்கள். நேற்று வியர்வை குடித்த உறை இன்று காலை கதகதப்பாக இருக்காது. பரணின் இரும்புத் தட்டு காலடி வழியாகச் சூட்டை இழுக்கும். பழைய கம்பள விரிப்பில் ஒரு முழம் வெட்டிக் காலுக்குக் கீழே போடுங்கள். சத்தமும் வராது. உட்கார ஒரு ஃபோம் துண்டு. இதற்கு ஆகும் செலவு ஐந்து டாலர், பலன் நூறு டாலர் ஜாக்கெட்டுக்குச் சமம்.

கைக்கு ஒரு தந்திரம். கனமான கிளவுஸ் போட்டால் விசையை உணர முடியாது, அது ஆபத்து; மெல்லியது போட்டால் விறைக்கும். அதனால் மெல்லிய கிளவுஸ் மட்டும் போட்டுக்கொண்டு, இடுப்பில் 'மஃப்' கட்டிக்கொள்ளுங்கள். பஞ்சு வைத்த குழாய், இரண்டு பக்கமும் கை நுழைக்கலாம். உள்ளே சூட்டுப் பொட்டலம் ஒன்று போட்டால் அடுப்பங்கரை மாதிரி இருக்கும். அந்தப் பொட்டலத்துக்குள் இருப்பது இரும்புத் தூள், காற்று பட்டுத் துருப்பிடிக்கும்போது சூடு வருகிறது. காற்று போகாத பூட்ஸுக்குள் கைப் பொட்டலத்தை வைத்துவிட்டு 'வேலை செய்யவில்லை' என்று திட்டுகிறவர்கள் உண்டு. கால்விரலுக்கென்றே தனியாக விற்கிறார்கள், அதை வாங்குங்கள். வெறும் தோலில் ஒட்ட வேண்டாம், சுட்டுவிடும்.

தலை வழியாகத்தான் பாதிச் சூடு போகிறது என்று எல்லோரும் சொல்வார்கள். அது சரியில்லை. மற்ற இடமெல்லாம் மூடி, தலையை மட்டும் திறந்து வைத்தால் தலை வழியாகத்தான் அதிகம் போகும், அதில் என்ன அதிசயம்? உண்மையில் தலையின் பங்கு அதன் பரப்பளவுக்கு ஏற்றதுதான், பத்தில் ஒன்று போல. ஆனாலும் குல்லாவும் கழுத்துத் துணியும் கட்டாயம் வேண்டும். கழுத்துத் துணியை மூக்கு வரை ஏற்றினால் மூச்சு மேலே போய்க் கண்ணாடியிலும் ஸ்கோப்பிலும் ஆவி படியும். கண்ணாடி போடுகிறவர் நீங்கள், இதை ஒருமுறை பழகிப் பாருங்கள்.

நிறத்தில் சட்டம் இருக்கிறது. மினசோட்டாவில் துப்பாக்கி மான் சீசனில் தலைக்குல்லாவும், இடுப்புக்கு மேலே தெரியும் வெளி உடையும் பளிச் ஆரஞ்சாகவோ, 2017 முதல் பளிச் ரோஜா நிறமாகவோ இருக்க வேண்டும். சட்டைக் கையும் கையுறையும் மட்டும் விலக்கு. நடக்கும்போது குல்லாவைக் கழற்றக் கூடாது என்றது இதனால்தான். ஆரஞ்சில் மெல்லியதாக ஒன்று நடைக்கு, கம்பளியில் ஒன்று உட்காருவதற்கு. புதியவர்கள் ஏமாறும் இடம்: ஆரஞ்சு வெஸ்ட்டை மெல்லிய சட்டை மேல் போட்டுக்கொண்டு போவார்கள், உட்கார்ந்ததும் அதன்மேல் பழுப்பு ஜாக்கெட்டை மாட்டி ஆரஞ்சை மறைத்துவிடுவார்கள். எல்லாவற்றுக்கும் மேலே வருகிற மாதிரி மிகப் பெரிய சைஸ் வெஸ்ட் வாங்குங்கள். மானுக்கு இந்த நிறம் நம் கண்ணில் படுவது போலத் தெரியாது. அதன் கண் ஆரஞ்சையும் பச்சையையும் பிரித்துப் பார்ப்பதில்லை. நீலம்தான் அதற்கு நன்றாகத் தெரியும், ஜீன்ஸ் வேண்டாம் என்பதற்கு இது இரண்டாவது காரணம். வெள்ளை நிறத்தில் கைக்குட்டை, கையுறை, சாக்ஸ் எதுவும் வெளியே தெரியக் கூடாது. இந்த மான் வாலைத் தூக்கினால் அடியில் வெள்ளை. 1988-ல் மெயினில் தன் வீட்டுக் கொல்லையில் வெள்ளைக் கையுறையோடு நின்ற ஒரு பெண்ணை மான் என்று நினைத்துச் சுட்டுவிட்டார்கள், இறந்துபோனார்.

துவைக்கும் பவுடரிலும் கவனம். 'வெண்மைக்கு வெண்மை' தரும் சாயம் கலந்தவை துணியை மான் கண்ணுக்கு மினுக்க வைக்கும். வாசனையும் சாயமும் இல்லாததைக் கேட்டு வாங்குங்கள். துவைத்ததை மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, காட்டுக்குப் போய்த்தான் எடுக்க வேண்டும். என் இரண்டாம் வருஷம் ஜாக்கெட்டைச் சமையலறைக் கதவில் மாட்டியிருந்தேன். வீட்டில் அன்றைக்குச் சாம்பார். பெருங்காயமும் கடுகும் தாளித்த வாசனையோடு பரணில் உட்கார்ந்தேன். கூட வந்த வெள்ளைக்காரர் 'பசிக்கிறது' என்றார். மான் மட்டும் வரவில்லை.

வானிலையை ஒரு நாள் முன்னால் பார்த்துவிட்டு, அது சொல்வதைவிட மோசமாக இருக்கும் என்று வைத்துக்கொண்டு பையைக் கட்டுங்கள். 1940 நவம்பர் 11 அன்று காலையில் இந்தப் பக்கத்தில் குளிரே இல்லாத இதமான வானிலை. விடுமுறை நாள் வேறு, முதல் உலகப் போர் நின்றதை நினைவுகூரும் 'ஆர்மிஸ்டிஸ் நாள்'. மெல்லிய சட்டையோடு மிசிசிப்பி ஆற்றுத் தீவுகளுக்கு வாத்து வேட்டைக்குக் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். மதியத்துக்குள் மழை, பிறகு ஆலங்கட்டி, பிறகு பனிப்புயல். மினசோட்டாவில் மட்டும் 49 பேர் இறந்தார்கள், அதில் ஏறக்குறைய பாதிப் பேர் வாத்து வேட்டைக்குப் போனவர்கள். ஆற்றங்கரை ஊரான வினோனாவில் மேக்ஸ் கான்ராட் என்ற விமானி சின்ன விமானத்தில் பறந்து, தீவுகளில் உயிரோடு இருந்தவர்களைத் தேடி உணவுப் பொட்டலங்களைப் போட்டார். இங்கத்திய பெரியவர்கள் இன்றும் 'ஆர்மிஸ்டிஸ் நாள்' என்றால் குரலைத் தாழ்த்துகிறார்கள். பையில் ஒரு மழை உடையும் தீப்பெட்டியும் கிடப்பதால் முதுகு ஒடிந்துவிடாது.

நடுக்கம் வந்தால் இறங்கி நடங்கள். வார்த்தை குழறினால், பட்டன் போட முடியாமல் கை தடுமாறினால், அன்றைக்கு வேட்டை முடிந்தது. நண்பருக்குப் போன் அடித்துவிட்டு வண்டிக்கு வாருங்கள். கூடாரத்தில் யாராவது 'ஒரு வாய் விஸ்கி, சூடாகும்' என்று நீட்டுவார்கள். அது தோலுக்கு இரத்தத்தை அனுப்பிச் சூடு மாதிரி காட்டும், உள்ளே இருப்பதோ வெளியேறிக்கொண்டிருக்கும். ஃபிளாஸ்கில் சுக்குக் காபி கொண்டுபோங்கள்.

400 டாலரை நான் இப்படிப் பிரிப்பேன். பூட்ஸுக்கு 130. மெரினோ மேல் உள்ளாடை இரண்டு, பாலியெஸ்டர் கால் உள்ளாடை ஒன்று, நல்ல சாக்ஸ் இரண்டு ஜோடி, எல்லாம் சேர்த்து 150, தள்ளுபடியில் பார்த்து. பழைய துணிக் கடையில் கம்பளிச் சட்டையும் கால்சட்டையும் 40. வெஸ்ட், இரண்டு குல்லா, மஃப், கிளவுஸ், பொட்டலம் எல்லாம் 80-க்குள். வெளி ஜாக்கெட்டை இந்த வருஷம் நண்பரிடம் கடன் கேளுங்கள். இங்கே எந்த வேட்டைக் குடும்பத்தின் கராஜிலும் மூன்று நான்கு தொங்கும், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு சீசன் உட்கார்ந்து பார்த்தால், எந்த ஜாக்கெட் வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

அக்டோபர் கடைசியில், குளிரான ஒரு ராத்திரியில் ஒத்திகை பாருங்கள். நடை உடையில் பையோடு மாடிப்படி பத்து முறை ஏறி இறங்குங்கள். பிறகு பால்கனியில் நாற்காலி போட்டு, மிச்சத்தை மாட்டிக்கொண்டு, போனைத் தொடாமல், அசையாமல் இரண்டு மணி நேரம். எந்த இடம் முதலில் குளிர்கிறதோ அங்கேதான் அடுத்த செலவு. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தால் வேட்டைக்குப் பழகுகிறேன் என்று சொல்லுங்கள், மினசோட்டாவில் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். துப்பாக்கி மட்டும் உள்ளேயே இருக்கட்டும்.